மோதிர விரல்

இரண்டேகால் மணிக்கு நீ மூன்றாவது முறை எழுந்தாய்.
கரண்ட் இல்லை.
இரண்டு ராத்திரியாய்த் தூங்காத உங்கம்மா
சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு
"இனி உன் டூட்டி" என்றாள்.
சொல்லி முடிப்பதற்குள் குறட்டை.

தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.
முதுநகரில் இந்த நேரத்துக் காற்றுக்கு
நிலையான புத்தி கிடையாது.
கடல் பக்கமிருந்து வந்தால் கருவாடு,
சிப்காட் பக்கமிருந்து வந்தால்
பேர் தெரியாத எதுவோ.
நீ இரண்டையும் பொருட்படுத்தவில்லை.
உலகம் மொத்தமும் உனக்கு
கீழ் ஈறு, அதிலும் ஒரு நெல் அகலம்,
வீங்கிச் சிவந்து கிடந்தது.

நர்ஸ் எழிலரசி சொன்னதெல்லாம் செய்தாகிவிட்டது.
துணியை நனைத்துக் குளிரவைத்துக் கொடுத்தோம்,
துப்பினாய்.
கடையில் விற்கிற ஜெல் வேண்டவே வேண்டாம் என்றார்,
வாங்கவில்லை.
மஞ்சள் வாத்து போட்ட ரப்பர் வளையம்,
மஞ்சக்குப்பத்தில் நூற்றிருபது ரூபாய்,
அதை எறிந்து பழகினாய்.
என் லுங்கி, உங்கம்மாவின் தாலிக்கயிறு,
கேஸ் புத்தகத்தின் மூலை,
இதெல்லாம்தான் பிடித்திருந்தது.

ருத்விகா.
ஜோசியர் கொடுத்த எழுத்துக்கு
உன் மாமா மொபைலில் தேடியெடுத்த பேர்.
என் வாயில் இன்னும் சரியாக நுழையவில்லை.
ஐஸ் கம்பெனியில் யாராவது கேட்டால்
"பாப்பா" என்று முடித்துவிடுவேன்.
என் வாயில் நுழையாத பேரோடு நீ அழ,
உன் வாயில் எதை நுழைப்பதென்று
நான் நின்றுகொண்டிருந்தேன்.

இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன்.
நல்ல விரல்களை விட்டுவிட்டு
நீயாகப் பிடித்து இழுத்தது
இடது கை மோதிர விரலை.
அது வேண்டாம் என்று சொல்ல வந்தேன்.
அது முழு விரல் இல்லை, பாப்பா.

துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற மிஷினுக்கும்
பல் இருந்தது.
தடைக்காலம் முடிந்த முதல் நாள்,
எல்லா போட்டுக்கும் ஐஸ், எல்லோருக்கும் அவசரம்.
வலித்ததா என்று பிறகு கேட்டார்கள்.
விறைத்த கையில் என்ன தெரியும்?
ஐஸ் சிவந்ததைப் பார்த்துத்தான்
எனக்கே தெரிந்தது.
அந்தக் கூடையை ஆற்றில் கொட்டினார்கள்.
முதலாளி எட்டாயிரம் கொடுத்தார்.
உங்கம்மா போட்ட மோதிரம்
வலது கைக்கு மாறியது.
அன்றிலிருந்து அந்த நுனிக்கு
சூடும் இல்லை, சுரணையும் இல்லை.
டீ கிளாஸ் சுடுகிறதா பாரடா என்று
கூட்டாளிகள் கேலிக்கு நீட்டச் சொல்கிற விரல்.

நகமில்லாத நுனி.
மொழுக்கென்று, எப்போதும் சில்லென்று.
நூற்றிருபது ரூபாய்க்கு அந்த வாத்துக்காரன்
செய்யப் பார்த்தது இதைத்தானோ என்னவோ.

ஈறால் அரைத்தாய்.
கண் செருக, எச்சில் மணிக்கட்டு வரை வழிய
அழுகை விக்கலாகி
விக்கல் மூச்சாகி.
ஜங்ஷனில் ஒரு சரக்கு வண்டி
நின்று, யோசித்து, போனது.
என் கன்னத்தில் ஒரு கொசு உட்கார்ந்து
நிதானமாகக் குடித்துவிட்டுப் போனது.
கையை அசைக்கவில்லை.

நாலு மணி இருக்கும்.
சுருக்.
எங்கே என்று முதலில் புரியவில்லை.
கொசு என்று நினைத்தேன். எறும்பு என்று நினைத்தேன்.
பக்கத்து விரல் என்று நினைத்தேன்.
கனெக்‌ஷன் துண்டித்த வீட்டில்
காலிங்பெல் அடித்த மாதிரி
மறுபடி, சுருக்.

விரலை எடுத்துத் தடவிப் பார்த்தேன்.
கீழ் வரிசையில், நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி,
நொய்யரிசியில் பாதி.

எழுப்பிச் சொல்ல உள்ளே போனேன்.
வாய் பிளந்து தூங்கினாள்.
விடியட்டும் என்று திரும்பிவிட்டேன்.
சிணுங்கி, நீ மறுபடி வாயைத் திறந்தாய்.
இந்த முறை தெரிந்தேதான் கொடுத்தேன்.

ஐந்து மணி ஷிப்டுக்கு
தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தது.
இரண்டாவது தரமும் அடித்தது.
நீ விடவில்லை.